காருக்குள்ளே பெய்யும் மழை

செய்யாற்றிலிருந்து ஆரணி என்ன அப்படித் தூரமா? காலைக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால், தறிக்காரர் வீட்டிலேயே பட்டுப் புடவை பார்த்து எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கல்யாணப் பெண்ணுக்கு நாலு, சம்பந்தி வீட்டுக்கு இரண்டு என்று வாங்கி, காரின் டிக்கியில் வைத்துப் பூட்டியாயிற்று. வழியில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்து வீடு வந்து சேர்கிறீர்கள். டிக்கியைத் திறந்தால், அடியில் இருந்த பை சொதசொதவென்று நனைந்து கிடக்கிறது!

பட்டில் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். ஈரத்தோடு மடிந்து கிடந்தால் சரிகையும் கறுத்துவிடும். ஆகவே, கார் ஒழுகுவது மெக்கானிக் பாடு, நமக்கென்ன என்று இருக்க முடியாது. ஓட்டுவது நீங்களாயிருந்தாலும் உங்கள் வீட்டுக்காரராயிருந்தாலும், ஒழுகலைக் கண்டுபிடிக்க வேண்டியவை பொறுமையும் கூர்மையான கண்ணுந்தான். இரண்டுக்கும் நம்மிடம் என்ன பஞ்சம்?

ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓடு உடைந்தது ஒரு மூலையில் இருக்கும். தண்ணீர் சட்டத்தோடு வழிந்து வந்து சொட்டுவதோ கட்டில் மேலே. காரிலும் அப்படியே. ஈரம் இருக்கிற இடத்திலேயே ஓட்டையும் இருப்பது அபூர்வம். கூரையில் நுழைந்த நீர் கதவோரத் தூணுக்குள் இறங்கி, கால்மிதிக்கு அடியில் வந்து தேங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல சமயங்களில் ஓட்டையே இருக்காது! நம் பழைய வீடுகளின் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மழை விழத்தான் செய்யும். சலதாரை வழியாக ஓடிவிடும். சலதாரையில் இலை அடைத்துக்கொண்டால் தாழ்வாரமெல்லாம் வெள்ளம். கார்க் கதவும் ஒரு முற்றந்தான். கண்ணாடியோடு வழிகிற நீர் கதவுக்குள்ளே இறங்கி, அடி விளிம்பில் உள்ள சின்னத் துவாரங்கள் வழியாக வெளியே போகும்படி செய்திருக்கிறார்கள். கதவைத் திறக்கும்போது உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், துவாரங்களில் மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு விளக்குமாற்றுக் குச்சி போதும், சரியாகிவிடும்.

சத்தமில்லாமல் கதவோரம் நனைகிறதா? கதவின் உட்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டினவரோ, கண்ணாடியைப் பழுது பார்த்தவரோ அதைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் போயிருப்பார்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். (இந்த வைப்பருக்கு 1903-இல் அமெரிக்காவில் பேட்டெண்ட் வாங்கியவர் மேரி ஆண்டர்ஸன் என்ற பெண்மணி, அதனால் அவருக்குக் காசு வரவில்லை என்பது வேறு கதை.) வேப்பமர நிழலில் நிற்கும் வண்டியானால், மாசி பங்குனியில் உதிர்ந்த இலையும் பிறகு உதிர்ந்த பூவும் அந்தப் பள்ளத்தின் வலைக்கு அடியில் மக்கிக் கிடக்கும். மழைத் தண்ணீர் இரு ஓரமும் வடிய வழியில்லாமல், வெளிக் காற்று உள்ளே வரும் துவாரத்தில் புகுந்து முன்ஸீட்டுக்காரர் காலை நனைக்கும். புரட்டாசியிலேயே அள்ளிப் போட்டுவிடுவது நல்லது.

மழையில்லாத நாளிலும் முன்பக்கம் இடது கால்மிதி நனைந்தால் மழையின்மேல் பழி போடாதீர்கள். ஏ.ஸி. ஓடும்போது வண்டிக்கடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஈரம் பிசுபிசுவென்று தித்திப்பு வாசனையோடு இருந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். உடனே பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

டிக்கிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காலி செய்து, ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு இணைப்புகளின்மேலும் பின்விளக்குகளின் உட்பக்கத்திலும், முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தூவுங்கள். டிக்கியை மூடிவிட்டு, ஒருவர் வெளியே தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து பத்து நிமிஷம் கொடுங்கள். எடுத்த எடுப்பிலேயே கூரையில் பாய்ச்சினால் எங்கும் வழியும், ஒன்றும் விளங்காது. பின்ஸீட்டைச் சாய்த்துக்கொண்டு மற்றொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால், பவுடரில் நீர் கோடு போட்டு வந்த வழி பளிச்சென்று தெரியும். பிள்ளைகளை மட்டும் டிக்கிக்குள் உட்காரவைத்து மூடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

பெரும்பாலும் பின்விளக்கைச் சுற்றியுள்ள ரப்பர் தட்டையாகிப் போயிருக்கும். புதிது போடச் செலவு அதிகமில்லை. டிக்கியையும் கதவையும் சுற்றி ஓடுகிற ரப்பரை மெக்கானிக்குகள் பீடிங் என்பார்கள். அதைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பு இல்லை.

கூரையில் திறக்கும் கண்ணாடி வைத்த வண்டிகளில் மூலைக்கு ஒரு வடிகுழாய் உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரை அந்த வாய்க்காலில் மெல்ல ஊற்றினால் சக்கரத்தருகே கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள்; குழாய் உள்ளே கழன்றால் கூரை அட்டையைக் கழற்றும்படி ஆகிவிடும்.

சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஸிலிகான் பசையை அப்புகிற வைத்தியம் ஒன்று உண்டு. எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. வடிகிற துவாரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். வினிகர் வாசனை அடிக்கிற ரகமானால் தகட்டையும் அரிக்கும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாஸடரில் முன்கண்ணாடி ரப்பர் பட்டையில் உட்கார்ந்திருக்கும். இன்றைய கார்களில் அதைப் பசையால் ஒட்டுகிறார்கள். வண்டியின் பலமே ஓரளவு அதில் இருக்கிறது. கண்ணாடி மாற்றின பிறகு ஒழுக ஆரம்பித்தால், மாற்றியவரிடமே கொண்டுபோய்க் கழற்றி ஒட்டித் தரச் சொல்லுங்கள். 'மேலே கொஞ்சம் பசை தடவித் தருகிறேன், அம்மா' என்றால் சம்மதிக்காதீர்கள்.

அடைத்தபின் உலர்த்தியாக வேண்டும். கம்பளம் மேலே காய்ந்தாற்போல் இருந்தாலும், அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரை வைத்திருக்கும். ஸீட்டுக்கடியில் ஓடும் மின்கம்பிகளுக்கு அது எமன். தகடு துருப்பிடிக்கும், பூஞ்சை பூக்கும். இளைப்புள்ள குழந்தைக்கு அந்தக் காற்று ஆகாது. கம்பளத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்து, கதவுகளைத் திறந்து வெயிலில் விடுங்கள். வெயில் இல்லாவிட்டால் மேஜை விசிறி வையுங்கள்.

இதெல்லாம் மேலிருந்து வருகிற மழைக்கு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறி, மறுநாள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் கொட்டித் தீர்த்ததே, அதுபோல் வெள்ளம் கீழிருந்து ஏறி வண்டிக்குள் புகுந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பாட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.