நாலு சக்கரத்துக்கு ஓர் ஒத்திகை

கார் ஓட்டத் தெரிந்தவனுக்குச் சக்கரம் மாற்றவும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்த நம்பிக்கை அச்சிறுபாக்கத்துக்கு அருகே, இரவு பத்தேகால் மணிக்கு, 'புஸ்' என்ற சத்தத்துடன் காற்றாய்ப் போயிற்று.

விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் மனைவி, தூங்குகிற குழந்தை, மாமனார். முன்பக்கத்து இடது சக்கரம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. "ஐந்து நிமிஷ வேலை, மாமா!" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கி, ஸ்பானரை நட்டில் மாட்டித் திருகினேன். நட்டு அசையவில்லை. சக்கரம்தான் உல்லாசமாகச் சுற்றியது. ஹாண்ட் பிரேக்கைப் போட்டிருக்கிறோமே, இது எப்படிச் சுற்றுகிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

நல்லவேளையாக ஒரு லாரி நின்றது. கிளீனர் பையனுக்கு இருபது வயதுகூட இராது. அவன் காரைப் பார்க்கவில்லை. முதலில் உள்ளே பார்த்தான். "குழந்தையையும் பெரியவரையும் இறக்குங்க, சார். ரோட்டை விட்டு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க" என்றான். பிறகு ஜாக்கியை இறக்கினான். "வண்டியைத் தூக்கிட்டு நட்டைக் கழட்டினா சக்கரம் கூடவேதானே சுத்தும்? ஹாண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், சார்!" என்று சொல்லி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். அப்புறமும் நட்டு மசியவில்லை. ஒரு மாதத்துக்கு முன் வண்டியைச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், ஏர் கன்னால் நட்டுகளை முடுக்கித் தள்ளியிருந்தார்கள். ஸ்பானரின் பிடியில் ஒரு நீளமான இரும்புப் பைப்பைச் செருகிப் பையன் அழுத்திய பிறகுதான் 'கிரீச்' என்று ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. வெளியே எடுத்த ஸ்டெப்னியிலோ பாதிக் காற்றுதான் இருந்தது. லாரிக்காரர்கள் தயவில் அதற்கும் காற்று கிடைத்தது.

"மாப்பிள்ளே, ஐந்து நிமிஷம் ஆயிற்றா?" என்றார் மாமனார். மணி பதினொன்றரை.

இந்த ஸ்டெப்னி இருக்கிறதே, அது வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஒரு தெருவுடைய பெயர். 1904-ல் தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் அங்கேதான், பஞ்சரான சக்கரத்தின்மேல் மாட்டி இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்கென்று, டயருடன் கூடிய ஒரு வளையத்தைச் செய்தார். இங்கிலீஷ்காரர்கள் 'ஸ்பேர் வீல்' என்று சொல்ல ஆரம்பித்து நெடுங்காலம் ஆகிறது. நாம்தான் ஸ்டெப்னியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம், காற்றுதான் அடிப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஒத்திகை நடத்தினேன். நீங்களும் நடத்திப் பாருங்கள். பட்டப்பகலில், வீட்டு வாசலில், காப்பி கிடைக்கும் தூரத்தில் திருகிப் பார்த்தால்தான் உங்கள் நட்டு கழலுமா என்பது தெரியும். வெறும் ஒத்திகையாகவும் போகாது. சக்கரங்களை இடம் மாற்றிய புண்ணியமும் சேரும். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்கள்தாம் இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பாரத்திலும் பெரும்பங்கைத் தாங்குகின்றன. ஆகையால் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நாலும் ஒன்றுபோல் தேயும். முன்சக்கரங்கள் அந்தந்தப் பக்கத்திலேயே நேராகப் பின்னுக்குப் போகவேண்டும்; பின்சக்கரங்கள் பக்கம் மாறி முன்னுக்கு வரவேண்டும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் பக்கம் மாற்றக் கூடாது.

ஒரே ஜாக்கியை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது? ஸ்டெப்னி இருக்கிறதே! முன் இடதைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். கழற்றியது பின் இடதுக்குப் போகட்டும். அங்கிருந்து வந்தது முன் வலதுக்கு. முன் வலது பின் வலதுக்கு. கடைசியாகப் பின் வலது, ஸ்டெப்னியை விரட்டிவிட்டு முன் இடதில் உட்காரும். ஐந்து தடவை ஜாக்கி போடவேண்டும். ஆனால் எந்த நேரத்திலும் வண்டியின் ஒரு மூலைதான் தரையை விட்டு எழும்பியிருக்கும். எது எங்கே இருந்தது என்று முதலிலேயே சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சக்கரத்தில் எனக்குக் குழம்பிவிட்டது.

சமமான கெட்டித் தரை வேண்டும். முதல் கியரில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இடப்பக்கமாக அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, வண்டியோடு வந்த புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கியை வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சறுக்கினால் அது தாங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையையோ கையையோ நீட்டுவது எவ்வளவு அவசரமானாலும் கூடாது. குழந்தைகளைத் திண்ணையோடு நிறுத்திவிடுங்கள்.

மாட்டும்போது நட்டுகளை முதலில் விரலால் முடுக்க வேண்டும். வண்டியை இறக்கியபின், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஐந்து நட்டு என்றால் கோலத்தில் நட்சத்திரம் போடுகிற வரிசை. மரையில் எண்ணெய் தடவினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். வண்டிக்குரிய இறுக்க அளவு புத்தகத்தில் இருக்கிறது. அதைக் காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று வாங்கிக்கொள்வது உத்தமம். முன்னுக்கும் பின்னுக்கும் காற்றின் அளவு வேறாக இருந்தால் அதையும் சரி செய்யவேண்டும்.

டயரைத் தடவிப் பார்க்கவும் இதுதான் சமயம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மெண்ட் கோளாறு. அதைச் சரி செய்யாமல் இடம் மாற்றுவது, நல்ல டயரையும் கெடுக்கிற காரியம். காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஆகாது. ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் இருபத்துமூன்றாவது வாரத்தில் பிறந்தது.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மாமனார் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். திருக்கழுக்குன்றம் போய்வந்த அன்று நானும் பார்த்தேன். பதினைந்து நட்டு அசையவில்லை. பின் வலதில் ஒன்று மட்டும் கால் சுற்றுச் சுற்றியது. அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.