ஹை சப்பரலில் மாடு இருந்தது, பட்டா இல்லை!



கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில் 'ஹை சப்பரல்' பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் என்.பி.சி. 1967 முதல் 1971 வரை ஒளிபரப்பிய தொடர் அது. 1870-களின் அரிசோனா. ஆள் அரவமற்ற வறண்ட வெளியில் ஒரு மாட்டுப் பண்ணை. முதலாளி ஜான் கேனன், தம்பி பக், மகன் புளூ. கதை தொடங்கியதுமே ஜானின் மனைவி அப்பாச்சிகளின் அம்புக்குப் பலியாகிறார். மனிதர் அசையவில்லை! அண்டை மெக்சிகப் பண்ணையாரின் மகள் விக்டோரியாவை மணந்து அந்த மண்ணிலேயே காலூன்றுகிறார். வேலி போட்டேன், மாடு வளர்த்தேன், என் மனைவியை இங்கேதான் புதைத்தேன், ஆகவே இது என் நிலம். நான்கு ஆண்டுக் கதையின் சாரமும் இவ்வளவுதான். நம்மவர்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அந்தத் தொடரின் பெயரைப் பினாங்கில் ஒரு தமிழர் கிராமத்துக்கு வைத்தார்கள். குளுகோர் வட்டாரத்தின் கம்போங் புவா பாலா. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்ப, நடுவே மாடும் ஆடும் மேய, கொட்டகையும் பழமரமுமாக ஒரு கிராமம். 'தமிழர்களின் ஹை சப்பரல்' என்று ஊரே செல்லமாகச் சொன்னது. பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. தீபாவளி, பொங்கல் என்றால் அரசியல்வாதிகள் தலைப்பாகையோடு வந்து பசுவைத் தடவிக் கொடுத்தார்கள்.

செல்லப் பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் நில அலுவலகத்துக்குப் போய், அந்த லாட் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தார்கள்?

கிராமத்தார், பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தவர்களின் வாரிசுகள். தொழிலாளர்களுக்காகவே அந்த நிலம் விடப்பட்டது என்பது அவர்கள் வாதம். ஆனால் காலப்போக்கில் அது அரசு நிலமாகி, அவர்கள் கையில் இருந்தது வெறும் டி.ஓ.எல். தாள், அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். பழைய பாரிசான் மாநில அரசின் காலத்தில் நிலம் ஓர் அரசு அதிகாரிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. பெயர் மாற்றம் முடிந்தது 2008 மார்ச் தேர்தலுக்குப் பின், நம் ஓட்டுகளையும் வாங்கி வந்த பக்காத்தான் அரசின் காலத்தில். பிறகு என்ன? இவர்கள் அவர்களைக் கை காட்டினார்கள், அவர்கள் இவர்களைக் கை காட்டினார்கள். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிராமத்தாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றமும் கை கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மண்வாரி இயந்திரம் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள்! இழப்பீடாக இரட்டை மாடி வரிசை வீடு தருகிறோம் என்றார்கள். நல்லது. வரிசை வீட்டின் எந்த மாடியில் மாட்டைக் கட்டுவது?

சிலர் நீதிபதிகளைத் திட்டினார்கள். தொழில்முறையில் சொல்கிறேன், அது சுலபமான வேலை. பிரச்சினை நீதிபதியின் நாற்காலியில் தொடங்கவில்லை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், 48-ஆம் பிரிவு. அதைப் படியுங்கள். அரசு நிலத்தில் எவ்வளவு காலம் குடியிருந்தாலும், உரிமத்தோடு இருந்தாலும் உரிமம் இல்லாமல் இருந்தாலும், அதனால் பட்டா பிறக்காது. எவ்வளவு காலம் ஆனாலும்! ஐந்து ஆண்டும் ஒன்றுதான், நான்கு தலைமுறையும் ஒன்றுதான். டி.ஓ.எல். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் காலாவதியாகும். அப்பன் செத்தால் பிள்ளைக்கு வராது. இப்படியொரு தாளை நம்பித்தான் தென்னையும் பலாவும் நட்டோம்.

இப்போது அந்தத் தொலைக்காட்சிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். கேனன்கள் கற்பனைதான், அவர்கள் காலத்துச் சட்டம் கற்பனை அல்ல. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டுக் காட்டினால் அந்த நிலம் உன் பெயருக்கு எழுதப்படும். குடியிருப்பும் உழைப்பும் உரிமையாக மாறும் என்று சட்டமே சொன்னது. அந்த நிலம் யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதைச் சட்டம் சொல்லவில்லை, தொடரும் அதிகம் சொல்லவில்லை. அரிசோனாவின் அப்பாச்சி மக்கள் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். ஆக, உழைத்தவனுக்கு நிலம் என்ற நியாயத்தை நான் கேனனிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கியை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் கேமரன் மலையிலும் நமக்கு முன்பே இருந்தவர்கள் செமாய் மக்கள். ஒராங் அஸ்லியின் மரபுவழி நில உரிமையை 2005-இல் சாகோங் தாசி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்து நம்மில் சிலர் பொறாமையாகப் பேசுகிறார்கள். வெட்கம்! தீர்ப்பு வந்த பிறகும் அவர்கள் காடு வெட்டப்பட்டுக்கொண்டுதானே இருக்கிறது? நாம் கேட்பது அவர்கள் காட்டை அல்ல. நாம் படுத்துறங்கும் கூரையை.

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் போகும் பாதையில் வார இறுதியில் கார் நகராது. எல்லாரும் தேயிலைச் சரிவைப் படம் பிடிக்க வருகிறார்கள். 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் அந்தச் சரிவை வெட்டி, நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதி நம் பாட்டன் பாட்டிகள். இன்று கொழுந்து எடுப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். நம்மவர்கள் எங்கே? வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. தோட்ட வீடு சம்பளத்தோடு ஒட்டிய வீடு. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வீட்டின் தரத்தைப் பேசுகிறது, தண்ணீர் வசதியைப் பேசுகிறது. ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு அந்த வீட்டைச் சொந்தமாக்கு என்று ஒரு வரியும் பேசவில்லை. 1970-களில் துன் ரசாக் காலத்திலேயே பேசப்பட்ட தோட்டத் தொழிலாளர் சொந்த வீட்டுத் திட்டம், தேர்தலுக்குத் தேர்தல் தூசு தட்டி எடுக்கும் பழைய கோப்பாகவே கிடக்கிறது.

ஆகவே நம் கோரிக்கை அனுதாபம் அல்ல, சட்டத் திருத்தம். 48-ஆம் பிரிவு இருக்கும்வரை மாநில அரசு மனம் வைத்தால்தான் பட்டா. அதற்கு முன்னோட்டமாக, குத்தகையைப் புதுப்பிக்கும்போதும் நிலத்தின் பயன்பாட்டை மாற்றும்போதும், அங்கே குடியிருக்கும் தொழிலாளர் வீட்டுக்கு நிலம் பிரித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கச் சொல்லுங்கள். அனுமதி கொடுப்பது மாநில அரசுதான், நிபந்தனை போடவும் அதற்குத் தெரியும். சட்டமன்ற உறுப்பினர் பொங்கல் வைக்க வரும்போது பசுவைக் காட்டாதீர்கள், இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம். தானா ராத்தா நில அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீடு இருக்கும் லாட் எண்ணைக் கொடுத்து, அதிகாரப்பூர்வ நிலத் தேடலுக்கு விண்ணப்பியுங்கள். உரிமையாளர் யார், குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்பது அதில் இருக்கும். அடையாள அட்டை முகவரி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மின்கட்டண ரசீது, தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். புவா பாலா மக்கள் வழக்கறிஞரைத் தேடியபோது நிலம் ஏற்கெனவே இன்னொருவர் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் நோட்டீஸ் வருவதற்கு முன்பே, அந்தத் தேடல் தாளோடு வாருங்கள்.