செய்வினையும் செயப்பாட்டுவினையும்

ஆங்கில இலக்கணம் கற்கப் புகும் மாணாக்கர் யாவரும் ஒரு நாள் செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சிக்கு வந்து சேர்வர். செயப்படுபொருளை முன்னே நிறுத்து. எழுவாயைப் ‘பை’ என்னும் சொல்லோடு பின்னே தள்ளு. வினையின் வடிவத்தை அதற்கேற்ப மாற்று: இவ்வளவே விதி. ரென், மார்ட்டின் என்னும் இருவர் இயற்றிய இலக்கண நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கியங்களை இவ்விதம் புரட்டிப் போடாத மாணாக்கர் நம்முள் அரியர். பிழையின்றிப் புரட்டினவர்க்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் எப்போது புரட்டவேண்டும், ஏன் புரட்டவேண்டும் என்று கேட்டால் அவரும் விழிப்பர். இக்குறையை நாம் சிறிதென்று எண்ணவில்லை.

புரட்டினாலும் பொருள் மாறாது என்னும் எண்ணம் அப்பயிற்சியின் அடியிற் கிடக்கிறது. அது முற்றும் மெய்யன்று. ‘இவ்விடுதி மாணாக்கர் ஒவ்வொருவரும் இரண்டு மொழிகளை அறிவர்’ என்று ஆங்கிலத்திற் சொன்னால், ஒருவர் தமிழும் ஆங்கிலமும், மற்றொருவர் தெலுங்கும் மலையாளமும் அறிந்திருக்கலாம். அதனையே ‘இரண்டு மொழிகள் ஒவ்வொருவராலும் அறியப்படுகின்றன’ என்று திருப்பினால், எல்லாரும் அறிந்தவை ஒரே இரண்டு மொழிகள் என்னும் கருத்து முந்திக்கொள்கிறது. நோம் சோம்ஸ்கி 1957-இல் வெளியிட்ட தம் சிறு நூலில் இத்தகைய வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். இனி, ‘ரிசெம்பிள்’ போன்ற சில வினைகள் செயப்படுபொருளைப் பெற்றும் செயப்பாட்டுவினையாக மாட்டோம் என்று மறுத்து நிற்கும்.

எதிர்ப்பக்கத்தார் உபதேசமும் ஒன்றுண்டு. செயப்பாட்டுவினை சோம்பேறியின் நடை, பொய்யரின் போர்வை. அதனை அறவே விலக்குக என்பர் அவர். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை இயலுமிடத்தில் செயப்பாட்டுவினை கூடாது என்று விதித்தார். விதித்த அக்கட்டுரையிலேயே செயப்பாட்டுவினைகள் பல உள்ளன என்பதைக் குறும்புள்ள மாணாக்கர் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அவர் அச்சம் வீணன்று. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெளிப்பட்ட பின், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் 1987 ஜனவரியில் காங்கிரஸ் சபையின் முன் பேசியபோது, பெரும் பிழைகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் யார் என்பது அவ்வாக்கியத்தில் இல்லை.

அவ்வாறாயின் செயப்பாட்டுவினைதான் குற்றவாளியோ? நாம் அவ்வாறு கருதவில்லை. ரசாயன சோதனைச் சாலைகளில் உடைந்த பொருள்களைப் பதிவதற்கு ஓர் ஏடு வைத்திருப்பதுண்டு. நாம் பயின்ற காலத்தில் அத்தகைய ஏடொன்றைப் பார்த்தோம். ‘குடுவை உடைந்தது’, ‘குழாய் உடைந்தது’ என்றே பக்கந்தோறும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ‘உடைக்கப்பட்டது’ என்று எழுதினவர் இருவரோ மூவரோ. ‘நான் உடைத்தேன்’ என்றவர் ஒருவருமில்லை. நாமும் அவ்வேட்டில் ஒரு முறை எழுதியதுண்டு. எவ்வாறு எழுதினோம் என்பதை வாசகர் ஊகிப்பாராக.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ‘தி பிளாஸ்க் பிரோக்’ என்பதில் செயப்பாட்டுவினை இல்லை. இலக்கணப்படி அது செய்வினை வாக்கியமே. ஆனால் குடுவை தானே வாழ்க்கையை வெறுத்து உடைந்துபோயிற்று என்பதுபோல அது கூறுகிறது. ‘குடுவை உடைக்கப்பட்டது’ என்னும் வாக்கியமோ, உடைத்தவன் ஒருவன் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவன் பெயருக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விடுகிறது. அவ்வெற்றிடத்தைக் கண்டவுடன் ‘யாரால்?’ என்று கேட்கலாம். முந்தின வாக்கியத்தில் அவ்வினாவிற்கு இடமே இல்லை. ஆதலின் செய்வினை எல்லாம் மெய், செயப்பாட்டுவினை எல்லாம் மறைப்பு என்று பிரிப்பது பேதைமை.

இது தமிழருக்குப் புதிய செய்தியன்று. செயப்படுபொருளைச் செய்ததுபோல வைத்துச் சொல்லும் வழக்கு உண்டென்பதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒப்புக்கொண்டார். ‘இந்த மாம்பழம் நன்றாய் விற்கிறது’ என்று சந்தையிற் பேசுவோர் பழமே கடை வைத்ததென்று கருதுவதில்லை. ஆங்கிலேயரும் நூலொன்று நன்றாய் விற்கிறது என்றே சொல்வர். வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவர்கள் முன்னாளில் ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே சொல்லிவந்தனர். ‘இஸ் பீயிங் பில்ட்’ என்னும் வடிவம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தலைகாட்டியது. அடுத்த நூற்றாண்டில் இலக்கணம் வல்லார் சிலர் அதனை அருவருத்து ஏசினர். இன்று அவ்வடிவத்தை எழுதாத மாணாக்கர் மதிப்பெண் இழக்கிறார்!

விஞ்ஞானக் குறிப்புகளிற் செயப்பாட்டுவினை மிகுவதும் தகும். கரைசல் சூடாக்கப்பட்டது என்னுமிடத்தில், சூடாக்கினவர் எவராயினும் விளைவு ஒன்றே. எனினும் ஒளியைப் பற்றி 1672-இல் வெளிவந்த தம் கடிதத்தில் நியூட்டன், தாமே முப்பட்டைக் கண்ணாடியை வாங்கியதாகத் தன்மையிலே எழுதினார். அதனால் அவ்வாராய்ச்சிக்கு இழுக்கு வந்ததில்லை.

நம் ஆசிரியப் பெருமக்களை நாம் வேண்டுவது இது. வினாத்தாளில் பத்து வாக்கியங்களைக் கொடுத்து மாற்றுக என்பதற்குப் பதிலாக, ஒரு பத்தியைக் கொடுத்து, இதிற் செய்தவன் எங்கே, அவன் பெயர் வேண்டாததால் விடப்பட்டதா, தெரியாததால் விடப்பட்டதா, தெரிந்தும் மறைக்கப்பட்டதா என்று கேட்பாராக. விடுதி அறிவிப்புப் பலகையில் ‘கட்டணம் உயர்ந்துள்ளது’ என்று ஒரு தாளும், ‘கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது’ என்று மற்றொரு தாளும் ஒட்டியிருந்தால், எந்தத் தாளின்கீழ் ‘யாரால்?’ என்று பென்சிலால் எழுதலாம் என்பதை அப்போது மாணாக்கர் அறிந்திருப்பர்.