குடும்ப நலம்: புழுவெட்டும் முக்காடும்



அந்தமானின் மின்னி பேயிலிருந்து ஒரு தாயார் கண்ணீரோடு எழுதியிருக்கிறார்கள். 19 வயதான அவர்களுடைய மகளின் தலையில் மூன்று இடங்களில் நாணய அளவுக்கு முடி முற்றிலும் உதிர்ந்துவிட்டது. தீவுத் தண்ணீரே காரணம் என்கிறார் ஒருவர். முன்னோரின் சாபம் என்கிறார் மற்றொருவர். மகளோ முக்காட்டை இறுக்கிக்கொண்டு, பாடகர் குழுவில் நிற்பதையே விட்டுவிட்டாள். கடன் வாங்கியாவது சென்னைக்கு அழைத்துச் சென்று முடி நடும் சிகிச்சை செய்யலாமா என்று தாயார் கேட்கிறார்கள்.

சகோதரியே, நம்மவர் புழுவெட்டு என்றழைக்கும் இந்நோய்க்குப் புழுவும் காரணமன்று, தண்ணீரும் காரணமன்று. கிருமிகளை எதிர்க்கும்படி தேவன் நம் இரத்தத்தில் வைத்திருக்கிற வெள்ளையணுக்கள், மயிர்க்கால்களையே பகையென்று எண்ணித் தாக்குகின்றன. முடி உதிர்ந்தாலும் வேர் அழிவதில்லை. ஆகவே சில திட்டுகள் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே முளைக்கிறது.

இந்தத் தாக்குதலைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலா கிறிஸ்டியானோ. அவரும் இதே நோயை அனுபவித்தவர். அவருடைய குழுவினர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையணுக்களைத் தூண்டும் செய்தியைத் தடுக்கும் மாத்திரையை உட்கொண்ட மூன்று பேருக்கு ஐந்து மாதங்களுக்குள் முடி பெருமளவு வளர்ந்தது. அவ்வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப் 2022லும், 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான ரிட்லெசிட்டினிப் 2023லும், கடுமையான புழுவெட்டுக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

எனினும் இவை அற்புத மாத்திரைகள் அல்ல. பாரிசிட்டினிப் ஆய்வுகளில் அதிக அளவு மருந்தை உட்கொண்டோரில் 36 வாரங்களுக்குப் பின் நூற்றுக்கு 36 முதல் 39 பேருக்கே தலையில் 80 சதவீத முடி இருந்தது. மருந்தை நிறுத்தினால் மீண்டும் உதிரக்கூடும். கடுமையான தொற்றும் இரத்தக்கட்டும் நேரிடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. காசநோய் இல்லையென்று பரிசோதித்த பின்னரே தொடங்க வேண்டும். மூன்று சிறு திட்டுகளுக்கு இவ்வளவு தூரம் செல்லத் தேவையிராது. திட்டுகளில் ஸ்டீராய்டு ஊசி போடுவதே வழக்கமான சிகிச்சை.

முடி நடுவதற்குக் கடன் வாங்காதிருங்கள். நோய் அடங்காதபோது நட்ட முடியையும் அதே வெள்ளையணுக்கள் தாக்கும். பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கவும் வேண்டாம். முதலாவது, ஸ்ரீ விஜயபுரத்திலேயே, நாம் போர்ட் பிளேர் என்று அறிந்த அந்நகரிலேயே, தோல் மருத்துவரிடம் காண்பியுங்கள். படர்தாமரையும் திட்டுத்திட்டாக முடியை உதிர்க்கும். அதற்கு மருந்து வேறு. தைராய்டு கோளாறு உண்டா என்றும் அவரிடம் கேளுங்கள். ஜெபிக்கிற கைகளே மருந்துச் சீட்டையும் வாங்கலாம், அது அவிசுவாசமன்று.

இனி சபையாருக்கு ஒரு வார்த்தை. ஸ்திரீயின் கூந்தலை மகிமையென்று பவுல் எழுதியதை வாசிக்கிறோம். கூந்தலை இழந்த மகள் அதைக் கேட்கும்போது அவள் இருதயம் என்ன பாடுபடும் என்று எண்ணினோமா? முடி உதிர்ந்தவனைத் தீட்டுள்ளவனாகத் தள்ளலாகாது என்று நியாயப்பிரமாணமே விதித்திருக்கிறது (லேவியராகமம் 13:40). எலிசாவின் மொட்டைத் தலையைப் பிள்ளைகள் நிந்தித்தார்கள்; அவர்மேல் இருந்த ஆவியின் வரம் அதனால் குறைந்துபோகவில்லை.

ஆகையால் அவளுக்கு முன்பாகச் சாபம் என்ற சொல்லை எடுக்காதிருங்கள். என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்றும் விசாரிக்க வேண்டாம். வருகிற ஞாயிறன்று பாடகர் குழுவில் அவளுக்குரிய இடத்தை வைத்திருந்து, அன்போடு அழையுங்கள். முடி முளைக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை அவள் தனியே உட்கார்ந்திருக்கலாகாது.

தலைமயிரையெல்லாம் எண்ணி வைத்திருக்கிற பரம தகப்பன் அந்த மகளையும் அவள் குடும்பத்தையும் தேற்றுவாராக. ஆமென்.