செவிலியரின் நேரம்

அரசாங்க ஆஸ்பத்திரியில் செவிலியர் வேலையென்றால் ஊசி போடுவதும் புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவதுமே என்று எண்ணியிருப்போர், ஷிப்ட் மாறும் வேளையில் வார்டில் சற்று நின்று பார்த்தால், அவர் மருந்துக்கு இண்டெண்ட் எழுதி, ஸ்டாக் பதிவேட்டைச் சரிபார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதியதையே கணினியிலும் பதிந்து, வராத பரிசோதனை முடிவுக்காக லேபை விசாரித்துக்கொண்டிருப்பதைக் காண்பர். குறிப்பெழுதுவது வீண் என்பது என் வாதமன்று. மருந்தளித்த நேரம் ஏட்டில் இராவிடில், அடுத்து வருபவர் அதையே மீண்டும் கொடுத்துவிடக்கூடும். ஆயினும், நோயாளியைக் கூர்ந்து அவதானிப்பதன் அவசியத்தை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே நூலெழுதி வற்புறுத்தியிருக்க, அதற்குரிய நேரத்தைப் பதிவேடுகளுக்குத் தாரைவார்ப்பது எவ்வகை நிர்வாகம்? ஸ்டாக் கணக்கு குமாஸ்தாவின் காரியம். வார்டுதோறும் ஒரு குமாஸ்தாவை நியமிக்கச் சர்க்கார் முன்வர வேண்டும்.