கத்தரிக்கோல் சுமத்திய பழி

"பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் துடைத்துப் புது வட்டில் விற்கிறார்கள்; வெறும் வணிகம்" என்று எள்ளும் நண்பர்களுக்கு நாம் ஒரேயொரு காட்சியைச் சுட்டுகிறோம்.

ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கென்ஸ்டைன்' (1931). ஏரிக்கரையில் சிறுமி மரியாவும், போரிஸ் கார்லாஃப் நடித்த அவ்வுருவமும் பூக்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுகின்றனர். பூக்கள் தீர்கின்றன. அவளும் மிதப்பாள் என்றெண்ணித் தூக்கி எறிகிறது. அவள் மூழ்கியதும் பதறித் தடுமாறி ஓடுகிறது.

1930களின் பிற்பகுதியில் மறுவெளியீட்டுக்காகத் தணிக்கை விதிகள் இதை வெட்டின. சிறுமியை நோக்கி நீளும் கைகளோடு காட்சி முடிந்தது. பின்னர் தந்தையின் கைகளில் அவள் பிணம். இடையில் நடந்ததாகப் பார்வையாளர் எதையெல்லாம் கற்பித்துக்கொண்டிருப்பர்! குழந்தைகளைக் காக்கப் புறப்பட்ட கத்தரிக்கோல், அறியாமையால் நேர்ந்த சாவைக் கொடும்பாதகமாக்கிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பழி நீடித்தது.

1980களில் அக்காட்சி மீண்டது. 2012இல் வெளிவந்த ப்ளூ-ரே பதிப்பிலும் இருக்கிறது.

ஒரு பாட்டில் ஒரு சொல் பிறழ்ந்தாலும் பாடபேதம் பேசிச் செம்பதிப்புக் கேட்பவர்கள் நாம். திரைப்படத்துக்கு மட்டும் சிதைந்த பிரதி போதும் என்பது என்ன நியாயம்? வாங்குங்கள் என்று நாம் வற்புறுத்தவில்லை. வெட்டுண்ட பிரதியைப் பார்த்துவிட்டு அவ்வுருவத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்றே வேண்டுகிறோம்.