டிகிரி வேண்டாம் என்கிற விளம்பரம்

தாய்லாந்துப் பள்ளிகளில் கல்வியாண்டு மே மாதம் பாதியில் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஆங்கில ஆசிரியர்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்து நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் விளம்பரங்கள் சுற்றும். டிகிரி வேண்டாம், அனுபவம் வேண்டாம், டூரிஸ்ட்டாகப் போய் இறங்கினால் போதும், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம். அக்கா மகன் அப்படி ஒன்றை எனக்கு அனுப்பி, "மாமா, நம்பிப் போலாமா? ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறாரு" என்றான்.

பி.காம். முடித்தவன். பி.எட். கிடையாது. சாயங்காலங்களில் ஒரு டியூஷன் சென்டரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறான். இவனைப் போன்ற பிள்ளைகள் நம்மிடையே ஏராளம் என்பதால், அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

அந்த வழியில் போகவே கூடாது. தாய்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருக்க நான்-இமிக்ரன்ட் பி விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேண்டும். கூடவே குருசபா என்ற அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். பட்டம் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களிடம் டோயிக் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். 990-க்கு 600 என்பது பல பள்ளிகள் வைத்திருக்கும் அளவு. டூரிஸ்ட்டாகப் போய் வகுப்பெடுத்துப் பிடிபட்டால் அபராதம், பிறகு நாடுகடத்தல். பிடிபடாமல் இருந்தால் இன்னும் மோசம். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் எந்த அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுப்பது? 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் இருந்தார்கள். அது வேறு வேலைதான். ஆனால் ஆசை காட்டிய விதம் இதேதான்.

அவன் கையில் பட்டம் இருக்கிறது. அதுவே பாதி தூரம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. தென்கொரியாவின் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்றே வகுக்கப்பட்டது. 2010-இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால் இந்தியருக்கும் ஒரு சிறு வழி உண்டு, ஆனால் ஆசிரியப் பயிற்சித் தகுதி இருந்தாக வேண்டும். மாலத்தீவுப் பள்ளிகளில் நம் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அங்கேயும் பி.எட். முக்கியம். அவனைப் போன்றவர்கள் முயன்று பார்க்கக்கூடியவை தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா.

இந்த ஏழு நாட்டுக் கணக்கு எனக்கு ஆறவே ஆறாத ஒன்று. தாய்லாந்தின் பல பள்ளிகளில் நேற்றுக் கல்லூரியை விட்டு வந்த ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம். பக்கத்து வகுப்பில் பல வருட அனுபவமுள்ள பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கு அதில் ஏறக்குறைய பாதி. நம்மவர்களுக்கும் அந்தப் பாதிதான். இந்தப் பாகுபாடு கூடாது என்று ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டீசால் 2006-இலேயே அறிக்கை விட்டது. அந்த அமைப்பின் முதன்மையான ஆய்விதழுக்கு அப்போது ஆசிரியராக இருந்தவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலம் கற்பிப்பதில் யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியை உலக அளவில் எழுப்பியவர்களில் ஒருவர் நம் மொழிக்காரர். ஆனாலும் சம்பளப் பட்டியல் மாறவில்லை. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், போன பிறகு மனம் உடையக் கூடாது.

ஏஜென்ட்டுக்குத் தரவிருந்த பணத்தை என்ன செய்வது? செல்டா படிக்கலாம் என்றேன். கேம்பிரிட்ஜ் வழங்கும் சான்றிதழ். முழுநேரமாகப் படித்தால் நான்கு வாரம். அதில் சேர டிகிரிகூடக் கட்டாயமில்லை. செலவு லட்சத்தைத் தாண்டும். சில ஆயிரத்துக்கு ஆன்லைனில் கிடைக்கும் 120 மணிநேரச் சான்றிதழ்கள் உண்டு, சில இடங்களில் விசாவுக்கு அவையே போதும். ஆனால் அவற்றில் பலவற்றை ஒரு மாணவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடலாம். செல்டாவில் ஆறு மணிநேரம் நிஜமான மாணவர்களுக்குப் பாடம் எடுத்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்.

அங்கே முதலில் கைவிட வேண்டியிருப்பது, "புரிஞ்சுதா?" என்று கேட்கும் பழக்கம். எந்த வகுப்பும் ஆமாம் என்றுதான் சொல்லும். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை' என்ற வாக்கியத்தைக் கற்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கண விளக்கம் வேண்டியதில்லை. இப்படிக் கேட்டால் போதும்: இதைச் சொல்கிறவர் இப்போது மதுரையில் இருக்கிறாரா? முன்பு இருந்தாரா? ஒருநாள் போய் வந்தாரா, கொஞ்ச காலம் குடியிருந்தாரா? மாணவர் சொல்லும் பதிலிலேயே புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். அக்கா மகன் இதைத் தன் டியூஷன் வகுப்பில் செய்து பார்த்தான். தலையாட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர், அவர் இன்னும் மதுரையில்தான் இருக்கிறார் என்றார்களாம். அன்று ராத்திரியே போன் செய்து அதைச் சொன்னான். அவன் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டபோதுதான் இவன் ஆசிரியர் ஆகிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

காகித வேலை சலிப்பானது, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. புரொவிஷனல் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பட்டச் சான்றிதழ் வாங்காமலே காலத்தை ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. அதை உடனே விண்ணப்பித்து வாங்குங்கள். அட்டெஸ்டேஷனுக்கு அதுதான் வேண்டும். போலீஸ் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா மையம். ஏஜென்ட் வழியாகத்தான் போவது என்றால் அவர் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்டவரின் பெயரை அக்கா மகன் அங்கே தேடினான், இல்லை.

வேலை கிடைத்தால் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். வொர்க் பெர்மிட் செலவு யாருடையது? சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கா, விடுமுறையைக் கழித்துப் பத்து மாதத்துக்கா? பத்து மாத ஒப்பந்தம் தாய்லாந்தில் சகஜம். மாதச் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் வாடகைக்குத் திண்டாடுகிறார்கள். வொர்க் பெர்மிட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் அங்கேயும் உண்டு.